பொம்பெய் இடிபாடுகளைக் கைடோடு சுற்றிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலி போகத் திட்டம் போடுகிற நண்பர்களும் உறவினர்களும் ரோம் நகரத்தைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டால், பொம்பெயைப் பற்றி நான்கு கேட்கிறார்கள். நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை பெரிய கும்பலோடு கும்பலாக. இரண்டாம் முறை ஐந்தே பேர், கூடவே ஒரு நல்ல கைடு. ஊர் ஒன்றுதான், ஆனால் இரண்டு தடவையும் நான் பார்த்தது வேறு வேறு. அதனால்தான் வந்த கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறேன்.

பொம்பெய் என்பது என்ன? வரலாறு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நேப்பிள்ஸ் நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, வெசூவியஸ் எரிமலையின் பக்கத்தில் இருந்த ரோமானிய ஊர். கி.பி. 79இல் எரிமலை வெடித்தபோது பல மீட்டர் ஆழத்துக்கு நுரைக்கல்லும் சாம்பலும் மூடி அப்படியே புதைந்துபோனது. 1748இல் தோண்டத் தொடங்கினார்கள். மொத்தம் சுமார் 66 ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்குதான் இதுவரை வெளியே வந்திருக்கிறது. மீதி இன்னும் மண்ணுக்குள்ளே இருக்கிறது. 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு கோயிலோ அரண்மனையோ இல்லை. ஒரு முழு ஊர். தெரு, கடை, வீடு, குளியல் கூடம், ரொட்டிக்கடை, கல்லறை எல்லாம் இருக்கிற ஊர்.

கைடு அவசியமா? கையில் போன் இருக்கிறதே, படித்துக்கொண்டே சுற்ற முடியாதா?

முடியும். ஆனால் முதல் முறை போகிறவர்களுக்குக் கைடு வேண்டும் என்றுதான் சொல்வேன். காரணம் எளிது: உள்ளே பெயர்ப்பலகைகள் குறைவு, தெருக்களோ ஒன்றைப் போலவே இன்னொன்று. அரை மணி நேரத்தில் எல்லாம் மொட்டைச் சுவர்களாகத் தெரிய ஆரம்பித்துவிடும். எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் நடந்தால் கால் வலிதான் மிச்சம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். முக்கியத் தெருவில் ஒரு வாசல் முன்னால் எங்கள் கைடு குந்தி உட்கார்ந்து, வாசற்படிக் கல்லில் நீளமாக ஓடிய ஒரு பள்ளத்தில் விரலை வைத்து இழுத்துக் காட்டினார். "இது என்ன என்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். யாருக்கும் தெரியவில்லை. கடையை அடைக்கும்போது மரப்பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக இந்தப் பள்ளத்தில் செருகி நிறுத்துவார்களாம். சட்டென்று எனக்குப் புரிந்துவிட்டது. நம் பழைய மளிகைக் கடைகளில் எண் போட்ட பலகைகளை வரிசையாகச் செருகிக் கடை சாத்துவார்களே, அதே ஏற்பாடு. பள்ளத்தின் ஒரு முனையில் மட்டும் கதவு திறந்து மூட இடம் விட்டிருந்தது. அதற்குப் பிறகு எந்தத் தெருவில் நடந்தாலும் எது கடை, எது வீடு என்று வாசற்படியைப் பார்த்தே என்னால் சொல்ல முடிந்தது. முதல் தடவை அதே தெருவில் நடந்தபோது அந்தப் பள்ளங்களைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், ஒன்றைக்கூடக் கவனிக்கவில்லை.

நல்ல கைடை எப்படிக் கண்டுபிடிப்பது?

இத்தாலியில் சுற்றுலாக் கைடாக வேலை செய்ய உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். கேட்டால் தயங்காமல் காட்டுவார்கள். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே "அரசாங்க டிக்கெட், கைடு" என்று சிலர் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களைத் தாண்டி நேராக நுழைவாயில் டிக்கெட் கவுண்டருக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது, குழுவின் அளவு. இதில் மட்டும் பணத்தைப் பார்க்காதீர்கள். முதல் முறை நான் சேர்ந்த குழுவில் நாற்பது பேர் இருந்தோம். காதில் மாட்டுகிற கருவி கொடுத்தார்கள், குரல் தெளிவாகத்தான் கேட்டது. ஆனால் கைடு ஓவியத்துக்கு முன்னால் நின்று பேசும்போது நான் வெளியே தெருவில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இடம் கிடைத்து உள்ளே போனபோது அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். எட்டுப் பத்துப் பேருக்கு மேல் இல்லாத குழுவாகப் பாருங்கள். குடும்பமாகவோ நண்பர்களாகவோ நான்கைந்து பேர் போனால் தனியாகவே ஒரு கைடை அமர்த்திக்கொள்ளலாம். தலைக்குக் கணக்குப் போட்டால் பெரிய வித்தியாசம் இருக்காது.

தமிழில் பேசும் கைடை நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அமைந்தது ஆங்கிலத்தில் பேசுகிறவர்தான். அம்மா அப்பாவைக் கூட்டிப் போனால், மெதுவாகப் பேசும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் தமிழில் எடுத்துச் சொல்ல நடுநடுவே நேரம் கொடுப்பார்கள். தனிக் கைடு வைத்தால்தான் இது நடக்கும்.

கைடு சொல்வதெல்லாம் உண்மையா?

பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பழங்காலத்தைப் பற்றிய கதைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நல்ல கைடுக்கு அது தெரிந்திருக்கும்.

எரிமலை வெடித்த தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 24 என்று காலம் காலமாகச் சொல்லிவந்தார்கள். 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதிய வரி ஒன்று கிடைத்தது. அதில் உள்ள தேதி அக்டோபர் 17. கரியெழுத்து சீக்கிரம் அழிந்துவிடும், ஆகவே அது அந்த ஆண்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். அப்படியென்றால் வெடிப்பு அக்டோபர் கடைசியில் நடந்திருக்கலாம்.

இன்னொன்று மனதைத் தொடுகிற விஷயம். 'பொற்காப்பு வீடு' என்று ஒரு வீடு. அங்கே கையில் தங்கக் காப்போடு ஒருவரும், மடியில் ஒரு குழந்தையும் கிடைத்தார்கள். தாயும் பிள்ளையும் என்றே பல காலம் சொல்லிவந்தார்கள். 2024இல் வெளிவந்த மரபணு ஆய்வில் அந்தப் பெரியவர் ஓர் ஆண் என்றும், குழந்தைக்கும் அவருக்கும் இரத்த உறவு இல்லை என்றும் தெரியவந்தது. கடைசி நேரத்தில் யாரோ ஒருவர் யாருடைய குழந்தையையோ அணைத்துக்கொண்டிருந்தார் என்று எடுத்துக்கொண்டால், எனக்கு அந்தக் காட்சி முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

அதனால் கைடிடம் தயங்காமல் "இது எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். கல்வெட்டா, சுவரெழுத்தா, எலும்பா, ஊகமா என்று பிரித்துச் சொல்கிறவர் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

எரிமலைக் குழம்பில்தானே மூழ்கியது?

இல்லை. இதைப் பலர் தப்பாக நினைக்கிறார்கள். முதலில் பல மணி நேரம் நுரைக்கல் மழையாகப் பெய்து கூரைகளை உடைத்தது. அப்புறம் சூடான வாயுவும் சாம்பலும் கலந்த அலைகள் மலையிலிருந்து பாய்ந்து வந்தன. ஊரில் தங்கிவிட்டவர்களில் பெரும்பாலோர் அப்போதுதான் இறந்தார்கள். இந்த வெடிப்பை வளைகுடாவின் மறுகரையிலிருந்து இளைஞனாகப் பார்த்த பிளினி, பிற்காலத்தில் வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கடிதமாக எழுதினார். உதவிக்குக் கப்பலில் போன அவருடைய மாமா, மூத்த பிளினி, திரும்பவில்லை.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

கைடோடு சுற்றுவது வழக்கமாக 2 முதல் 3 மணி நேரம். அதற்குப் பிறகு நீங்களாகச் சுற்ற இன்னும் 2 மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். ரோமிலிருந்து ஒரே நாளில் பொம்பெய், வெசூவியஸ், அமல்ஃபி கடற்கரை மூன்றும் என்று விற்கிற பயணங்களில் பொம்பெய்க்குக் கிடைப்பது மிகக் குறைந்த நேரம். நான் யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன்.

டிக்கெட்டை முன்பே வாங்க வேண்டுமா?

ஆமாம். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, டிக்கெட்டில் பெயரும் போடுகிறார்கள். அதனால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும், நுழைவு இலவசம். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், அதனாலேயே அன்று கூட்டம் தாங்காது.

கைடுக்குக் கொடுக்கும் தொகையில் நுழைவுக் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் இரண்டும் தனித்தனி. ஊருக்கு வெளியே இருக்கிற 'மர்மங்களின் மாளிகை'யைப் பார்ப்பதற்கும் சாதாரண டிக்கெட் போதாது, கூடுதல் டிக்கெட் எடுக்க வேண்டும்.

எப்படிப் போவது?

ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நேப்பிள்ஸ் கரிபால்டி நிலையத்தின் கீழ்த்தளத்திலிருந்து சொரென்டோ போகும் சர்க்கும்வெசூவியானா என்ற உள்ளூர் ரயிலில் ஏறி, 'பொம்பெய் ஸ்காவி' நிலையத்தில் இறங்க வேண்டும். சுமார் 40 நிமிடம். இறங்கினால் போர்ட்டா மரீனா நுழைவாயில் கூப்பிடு தூரம். ரயில் பழையது, கூட்டம் நெரியும், பர்ஸ் பத்திரம்.

எந்த மாதம் நல்லது? என்ன கொண்டு போக வேண்டும்?

ஏப்ரல், மே, அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம் ஊர் வெயிலுக்குக் குறைந்ததில்லை. கூரை போன ஊர் என்பதால் ஒதுங்க நிழலும் இல்லை. கோடையில் போயே ஆக வேண்டும் என்றால் காலை 9 மணிக்குத் திறந்ததும் உள்ளே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

செருப்பு வேண்டாம், அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கிற ஷூ போடுங்கள். தெருவெல்லாம் பெரிய எரிமலைக் கற்கள், இரண்டாயிரம் வருட வண்டித் தடம் பதிந்து மேடும் பள்ளமுமாக இருக்கும், மழை பெய்தால் வழுக்கும். தொப்பி, தண்ணீர் பாட்டில் கட்டாயம். பாட்டிலை உள்ளேயே நிரப்பிக்கொள்ளலாம். தெருமுனையில் இருக்கிற பழைய ரோமானியத் தண்ணீர்த் தொட்டிகள் சிலவற்றில் குடிநீர்க் குழாய் வைத்திருக்கிறார்கள். பெரிய பை, பெட்டி உள்ளே விட மாட்டார்கள், வாசலில் வைத்துவிட்டுப் போக இடம் உண்டு.

கைடிடம் எதையெல்லாம் காட்டச் சொல்லிக் கேட்கலாம்?

ஃபோரம் என்கிற ஊர்ச் சதுக்கம், குளியல் கூடம், இரண்டு நாடக அரங்கம் எல்லாம் எப்படியும் காட்டிவிடுவார்கள். நான் கேட்கச் சொல்வது இவற்றை.

ஃபான் வீடு. ஒரு முழுத் தெருக்கட்டையே அடைத்த மாளிகை. மாவீரன் அலெக்சாண்டர் போரிடும் பெரிய மொசைக் இங்கேதான் 1831இல் கிடைத்தது. தரையில் இப்போது இருப்பது நகல், மூலம் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். நல்ல கைடு இதைத் தானாகவே சொல்லிவிடுவார்.

'வெட்டி' என்ற பெயர் கொண்ட சகோதரர்களின் வீடு. நீண்ட காலம் மூடியிருந்து 2023 ஜனவரியில் திறந்தார்கள். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்று வியாபாரத்தில் பணம் சேர்த்தவர்கள் கட்டிய வீடு என்கிறார்கள். சுவரோவியங்களின் சிவப்பும் மஞ்சளும் நேற்றுத் தீட்டியதுபோல் இருக்கின்றன. வாசலைத் தாண்டினதும் வானம் பார்த்த முற்றம், நடுவில் மழைத்தண்ணீர் விழுகிற தொட்டி. முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்த யாருக்கும் அங்கே விளக்கம் தேவைப்படாது.

ரொட்டிக்கடை. என் மனதில் அதிகம் தங்கியது இதுதான். ஆள் உயரத்துக்கு நெருங்கிய, எரிமலைக் கல்லாலான மாவரைக்கும் இயந்திரங்கள், இடுப்புச் சிறுத்த உருவம். மேல் கல்லில் சதுரமாக ஒரு துளை இருக்கும். அதில் மரக்கட்டையைச் செருகிக் கழுதையைப் பூட்டிச் சுற்றவிடுவார்கள். பக்கத்திலேயே செங்கல் அடுப்பு. ஒரு ரொட்டிக்கடையின் அடுப்புக்குள்ளிருந்து 81 ரொட்டிகள் கரியாகிக் கிடைத்தன. எட்டுத் துண்டாகப் பிட்டுக்கொள்ள வசதியாகக் கோடு போட்டவை. அடுப்பில் வைத்தவர்கள் எடுக்க வரவில்லை.

சுவரெழுத்துகள். தேர்தலுக்கு இன்னாரை ஆதரியுங்கள் என்று சிவப்பு மையில் எழுதியிருப்பார்கள். பழ வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து ஒருவருக்கு ஓட்டுக் கேட்ட சுவர்கூட உண்டு. கண்ணாடி போட்டுப் பாதுகாத்த இடங்களைக் கைடு காட்டுவார்.

பிளாஸ்டர் உருவங்கள் உண்மையான உடல்களா?

சாம்பலில் புதைந்த உடல்கள் மக்கிப்போனபின் அவர்கள் கிடந்த இடம் வெற்றிடமாக நின்றது. 1863இல் ஜுசெப்பே ஃபியோரெல்லி அந்த வெற்றிடங்களில் பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் சுற்றியுள்ள மண்ணை எடுத்தார். கடைசி நொடியில் இருந்த மனிதர் அப்படியே வெளியே வந்தார், துணி மடிப்பு உட்பட. எலும்புகள் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே அவை வெறும் சிலைகள் அல்ல, இறந்தவர்கள்.

அங்கே நின்று சிரித்தபடி செல்ஃபி எடுப்பதைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போனால், என்ன பார்க்கப் போகிறோம் என்று முன்பே பக்குவமாகச் சொல்லி அழைத்துப் போங்கள்.

பிள்ளைகளுக்கு ஏற்ற இடமா? விலைமாதர் விடுதியெல்லாம் இருக்கிறதாமே?

இருக்கிறது. வழக்கமான சுற்றுகளில் அதற்கும் அழைத்துப் போவார்கள். சுவர் ஓவியங்கள் வெளிப்படையானவை. வேண்டாம் என்றால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், கைடு வேறு வழியில் கூட்டிப் போவார். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கல் படுக்கை போட்ட அந்தக் குறுகிய அறைகளில் இருந்தவர்களில் பலர் அடிமைப்பட்ட பெண்கள். அதை வேடிக்கையாகச் சொல்கிற கைடு எனக்குப் பிடிக்காது.

மற்றபடி எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நன்றாக ரசிப்பார்கள். தெருவைக் கடக்கப் போட்டிருக்கும் உயரமான கற்களில் தாவித் தாவிப் போவதே அவர்களுக்குப் பெரிய விளையாட்டு. கற்களுக்கு நடுவே வண்டிச் சக்கரம் போக இடைவெளி விட்டிருப்பதைக் காட்டுங்கள்.

வயதானவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் போக முடியுமா?

முடியும். 'எல்லோருக்குமான பொம்பெய்' என்று தடையில்லாத பாதை ஒன்று 3 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். வட்டரங்கத்தின் பக்கத்து நுழைவாயிலில் தொடங்கும். கைடிடம் இந்தப் பாதையில்தான் வேண்டும் என்று பதிவின்போதே சொல்லுங்கள். போர்ட்டா மரீனா வழியில் ஏற்றம் அதிகம், முட்டி வலி உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

ஃபோரம் அருகே ஓர் உணவகம் உண்டு, ஆனால் கூட்டமாக இருக்கும். வெளியே பீட்சா கடைகள் ஏராளம். நேப்பிள்ஸ் பக்கத்து மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, மூலிகை, எண்ணெய் மட்டும்தான், பாலாடைக்கட்டிகூட இல்லை. வேறெதுவும் ஒத்துவராதவர்களுக்கும் அது ஒத்துவரும்.

பொம்பெய்க்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. 1938இல் பொம்பெய் வீடு ஒன்றில் யானைத் தந்தத்தில் செதுக்கிய ஒரு பெண் சிற்பம் கிடைத்தது. சுமார் 24 சென்டிமீட்டர் உயரம், இடுப்பில் மேகலை, கை நிறைய வளையல், இரு பக்கமும் தோழிகள். இந்தியாவில் செய்தது. முதலில் லட்சுமி என்று பெயர் வைத்தார்கள், யட்சியாக இருக்கலாம் என்பது இன்றைய கருத்து. இப்போது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று சங்கப் பாடலில் வருகிறதே, அதே காலம் இது. நம் அரிக்கமேட்டில் இத்தாலிய மண்பாண்டங்களும் மதுச்சாடிகளும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பொம்பெயின் மதுக்கடையில் அதே மாதிரிச் சாடிகள் சுவரோரம் சாய்ந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

பொம்பெய், ஹெர்குலேனியம் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால்?

முதல் தடவை பொம்பெய். நடக்க முடியாதவர்கள், நேரம் இல்லாதவர்கள் என்றால், அதே வெடிப்பில் புதைந்த இன்னொரு ரோமானிய ஊரான ஹெர்குலேனியம். அது சிறியது, கூட்டம் குறைவு, கரியான மரக் கதவும் கட்டிலும் மாடியும்கூட அங்கே மிஞ்சியிருக்கின்றன. அதே ரயில் பாதைதான்.

சுவர்களைத் தொடலாமா? ஞாபகத்துக்கு ஒரு கல்?

இரண்டும் வேண்டாம். கல்லை எடுப்பது குற்றம். எடுத்துப் போனவர்கள் பலர் மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சுவரோவியங்களில் முதுகுப் பை உரசினாலே போதும், பூச்சு உதிரும். 2010இல் மழைக்குப் பிறகு கிளாடியேட்டர் கூடம் என்று சொல்லப்படும் கட்டடம் இடிந்தே விழுந்தது. அதற்கு அப்புறம்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு பெரிய அளவில் பராமரிப்பு தொடங்கியது. பூட்டிய வீடுகளைப் பார்த்து ஏமாற்றம் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கைடு விடைபெற்ற பிறகு எங்கே போவது?

கிழக்குப் பக்கம் நடங்கள். பெரும்பாலான குழுக்கள் அவ்வளவு தூரம் வருவதில்லை. முதலில் 'தப்பியோடியவர்களின் தோட்டம்'. பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதின்மூன்று பேர் விழுந்த இடத்திலேயே கிடக்கிறார்கள். அப்புறம் வட்டரங்கம். கி.மு. 70 வாக்கில் கல்லில் கட்டியது, இன்று மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. கி.பி. 59இல் உள்ளூர்க்காரர்களுக்கும் பக்கத்து நுசேரியா ஊர்க்காரர்களுக்கும் இங்கே கைகலப்பு முற்றிப் பலர் செத்தார்கள். பத்து வருடத்துக்குப் போட்டி நடத்தக் கூடாது என்று ரோமிலிருந்து தடை வந்தது.

போகிற வழியில் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். குழாய்க்கு ஒரு பக்கம் கல் விளிம்பு வழவழவென்று தேய்ந்து குழிந்திருக்கும். தண்ணீர் குடிக்கக் குனிந்தவர்கள் கையை ஊன்றி ஊன்றித் தேய்ந்தது. குடிநீர்க் குழாய் வைத்த தொட்டியாக இருந்தால் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். வட்டரங்கத்துக்குப் பக்கத்து வாசல் வழியாகவே வெளியே வந்துவிடலாம்.